சுவர் ரோமானியருடையது, காவல் யாருடையது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஒன்பதாம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தின் வெசெக்ஸ் நாட்டை ஆண்ட ஆல்ஃப்ரெட் அரசரைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த கையோடு லண்டன் போக வாய்த்தது. மகள் அங்கே வேலை பார்க்கிறாள். ‘886-இல் ஆல்ஃப்ரெட் லண்டனின் பழைய ரோமானிய மதிலுக்குள் மறுபடி ஊரைக் குடியேற்றினார், மதிலைச் செப்பனிட்டார்’ என்று எழுதியிருந்தீர்கள். டவர் ஹில் ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கும் சுவரைப் போய்ப் பார்த்தேன். நான் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்லையும் சாந்தையும் பார்த்தே காலம் போனது. கீழே ரோமானியர் வேலை, மேலே இடைக்கால வேலை. இரண்டும் எனக்கே தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. நடுவில் ஆல்ஃப்ரெட் எங்கே?

ஆல்ஃப்ரெட்டின் ஜனங்களான சாக்சன்கள் ரோமானியர் விட்டுப்போன ஊர்களில் சும்மா குடித்தனம் வந்தவர்கள்தானோ என்று தோன்றியது. அப்படியானால் ‘ஆல்ஃப்ரெட் நகரங்களை உண்டாக்கினார்’ என்பது அரசவைப் புகழ்ச்சி இல்லையா? இன்னொன்று. வின்செஸ்டர் மதிலின் நீளம் பழைய ஆவணம் ஒன்றின் கணக்கோடு கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது என்கிறீர்கள். அளவெடுத்துப் பழகியவனுக்கு அவ்வளவு பொருத்தம் என்றாலே சந்தேகம் வரும். விளக்க முடியுமா?

அன்புடன்,
ச., மதுரை

அன்புள்ள ச.,

உங்கள் கண் ஏமாறவில்லை. டவர் ஹில் சுவரில் தரையிலிருந்து சுமார் 4.4 மீட்டர் வரை ரோமானிய வேலை. கி.பி. 200-ஐ ஒட்டிக் கட்டியது. சாம்பல் நிறக் கல் கென்ட் பகுதியிலிருந்து படகில் வந்தது. (1962-இல் பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்தருகே தேம்ஸ் சேற்றில் ஒரு ரோமானியப் படகு கிடைத்தது. அதற்குள் இதே கல்தான் பாரம்.) இடையிடையே ஓடுவது சிவப்புச் செங்கல் வரிசை. அதற்கு மேலே 10.6 மீட்டர் வரை இடைக்காலக் கட்டுமானம். ரோமானியக் கல்லின் மேல் நேராக இடைக்காலக் கல் உட்கார்ந்திருக்கிறது. நடுவே பல நூற்றாண்டுகளைக் காணோம்.

இதற்குக் காரணம் உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. சாக்சன் கொத்தனார்கள் புதிதாகக் கல் வெட்டி எடுக்க வேண்டிய தேவை அநேகமாக இருந்ததில்லை. இடிந்து விழுந்த ரோமானியக் கல்லும் செங்கல்லும் சுவரடியிலேயே குவிந்து கிடந்தன. அதையே எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். கல்லை வைத்து யார் வேலை என்று சொல்ல முடியாது. சாந்தைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் அவர்கள் முக்கியமாகச் சரிசெய்தது சுவரின் மேல்விளிம்பையும் கைப்பிடிச் சுவரையும். எந்தச் சுவரிலும் முதலில் விழுவது அந்தப் பகுதிதான். பின்னால் வந்தவர்கள் முதலில் பிரித்துக் கட்டியதும் அதையே.

அகழியின் கதை இன்னும் மோசம். ஒவ்வொரு தலைமுறையும் அகழியைத் தூர்வாரும்போது முந்தைய தலைமுறையின் சேற்றையும் பானை ஓட்டையும் சேர்த்து வெளியே அள்ளிப் போட்டுவிடுகிறது. லண்டனில் 1211 முதல் 1213 வரை மிகப் பெரிய அகழி ஒன்றைத் தோண்டினார்கள். அதற்கு முன்பு அந்த இடத்தில் சாக்சன் பள்ளம் இருந்திருந்தால் பெரும்பகுதி அப்போதே போயிருக்கும். ஆக, லண்டனில் ஆல்ஃப்ரெட்டைத் தேட டவர் ஹில் நல்ல இடமில்லை.

சரி, அவர் செய்ததற்கு வேறு என்ன சாட்சி? 886-இல் அவர் லண்டனைக் கைக்கொண்டு பக்கத்து நாடான மெர்சியாவின் தலைவர் எதெல்ரெட்டிடம் ஒப்படைத்ததை ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. ஆல்ஃப்ரெட்டின் வாழ்க்கையை எழுதிய ஆஸர் என்ற பாதிரியார், அரசர் லண்டனைச் சீர்படுத்திக் குடியிருக்கத் தக்கதாக்கினார் என்கிறார். ஆஸர் அரசரின் சோற்றைத் தின்றவர், புகழத்தான் செய்வார். ஆனால் 889-ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று இருக்கிறது. வூஸ்டர் ஆயருக்கு லண்டனுக்குள் ஒரு மனை கொடுத்த சாசனம். மனையின் எல்லையாக ஒரு பக்கம் பொதுத்தெருவையும் மறுபக்கம் நகரச் சுவரையும் அது சொல்கிறது. பத்திரத்தில் எல்லை எழுதுகிறவனுக்குப் புகழ்ச்சி தேவையில்லை. அந்த வருடம் அங்கே ஒரு தெரு இருந்தது, ஒரு சுவர் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் மனைக்கு விலை இருந்தது.

‘குடித்தனம் வந்தவர்கள்’ என்கிறீர்கள். குடித்தனம் போக வீடு இருக்க வேண்டுமே. ரோமானிய லண்டனுக்குள் ஐந்தாம் நூற்றாண்டுக்குப் பிறகு வீடே இல்லை என்று சொல்லும் அளவுக்கு வெறுமை. அகழாய்வாளர்கள் ரோமானியத் தளத்துக்கும் பிற்காலச் சாக்சன் தளத்துக்கும் நடுவில் தடிமனான கருப்பு மண்ணைத்தான் பார்க்கிறார்கள். 604-இல் மதிலுக்குள் செயின்ட் பால் தேவாலயம் வந்தது உண்மைதான். ஆனால் வியாபாரமும் ஜனமும் மதிலுக்கு வெளியே, மேற்கே, இன்றைய ஸ்ட்ராண்டும் கோவன்ட் கார்டனும் இருக்கும் இடத்தில் இருந்தன. அங்கே மதில் கிடையாது. 1984-இல் ஆலன் வின்ஸ், மார்ட்டின் பிடில் என்ற தொல்லியலாளர்கள் இருவரும் தனித்தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள். அதுவரை ஆய்வாளர்கள் ரோமானிய மதிலுக்குள்ளேயே சாக்சன் துறைமுகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிறகு கோவன்ட் கார்டனில் தோண்டத் தோண்ட வீடுகளும் தெருக்களும் வந்தன.

வின்செஸ்டரும் அப்படித்தான். மதிலுக்குள் ஏழாம் நூற்றாண்டிலிருந்தே பெரிய தேவாலயம் உண்டு. சந்தை ஊர் மட்டும் தெற்கே, இன்றைய சவுத்தாம்டன் பக்கம் ஹாம்விக்கில். மதிலுக்குள் ஆயரும் அரசரின் ஆட்களும், வெளியே வியாபாரி. இருநூறு வருடம் இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடியது.

அதைக் கெடுத்தவர்கள் கடல் தாண்டிப் படகில் வந்து கொள்ளையடித்த டேனியர்கள். 842-இலும் 851-இலும் லண்டன் அடிபட்டது. ஆனால் மதிலைப் பொறுத்தவரை எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. டேனியர்கள் இந்த ரோமானியச் சுவர்களைத் தாங்களே உபயோகிக்கத் தெரிந்தவர்கள். 876-இல் எக்ஸிட்டருக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஆல்ஃப்ரெட் துரத்திக்கொண்டு போயும் அவர்கள் கோட்டைக்குள் போய்விட்டதால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று ஆண்டுக்குறிப்பே சொல்கிறது. 893-இல் செஸ்டருக்குப் போனார்கள். ஆண்டுக்குறிப்பு அதை விர்ரல் பகுதியில் ஆளில்லாமல் கிடந்த நகரம் என்கிறது. ஆங்கிலேயப் படை வெளியே இரண்டு நாள் காத்திருந்து, கண்ணில் பட்ட ஆடு மாடுகளைப் பிடித்து, பயிரைக் கொளுத்திவிட்டுத் திரும்பியது. ரோமானியன் கட்டிய சுவர், உள்ளே டேனியன், வெளியே ஊர்க்காரன். யார்க்கில் 867-இல் இது இன்னும் மோசமாக நடந்தது. அந்த நாளில் நகரத்துக்கு உறுதியான சுவர் இல்லை என்கிறார் ஆஸர். யார்க் இருந்த நார்தம்பிரியா நாட்டுக்காரர்கள் சுவரை உடைத்து உள்ளே போய், உள்ளே இருந்த டேனியர்களிடம் வெட்டுப்பட்டுச் செத்தார்கள்.

இதற்கு மாறான கதை ரோச்செஸ்டர். 885-இல் டேனியர்கள் முற்றுகையிட்டபோது ஊர்க்காரர்கள் உள்ளே இருந்து தாக்குப்பிடித்தார்கள். ஆல்ஃப்ரெட் படையோடு வந்ததும் முற்றுகையிட்டவர்கள் குதிரைகளைக்கூட விட்டுவிட்டு ஓடினார்கள். செஸ்டரிலும் ரோச்செஸ்டரிலும் இருந்தது ஒரே மாதிரிச் சுவர்தான். ரோச்செஸ்டரில் மேலே ஆள் நின்றான்.

‘நடுவில் ஆல்ஃப்ரெட் எங்கே’ என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். அவரையும் அவர் மகன் எட்வர்டையும் தேட வேண்டியது மதில்மேல் யார் நிற்பது என்ற ஏற்பாட்டில். சுவரைக் கட்டியவர்கள் ரோமானியர்கள். நிரந்தரமாக ஆள் நிறுத்தும் முறையைக் கண்டுபிடித்தவர்கள் வெசெக்ஸ் அரசர்கள். நீங்கள் சந்தேகப்படும் அந்த ஆவணம் இந்த ஏற்பாட்டைப் பற்றியதுதான், அதனால் அதை விரிவாகவே சொல்கிறேன்.

பர்கல் ஹைடேஜ் என்று பின்னாளில் பெயர் வைத்த பட்டியல் அது. முப்பதுக்கும் மேற்பட்ட அரண்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எத்தனை ‘ஹைட்’ நிலம் பொறுப்பு என்ற எண். ஹைட் என்பது ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம் என்று கணக்கு வைத்த வரி அலகு. பட்டியலை எட்வர்டு காலத்தில், 914-ஐ ஒட்டியோ சற்றுப் பின்போ வைக்கிறார்கள். அதன் முடிவில் ஒரு வாய்ப்பாடு வருகிறது. ஒரு ஹைட்டுக்கு ஒரு ஆள். ஒரு கோல் நீள மதிலுக்கு நாலு ஆள். கோல் என்பது பதினாறரை அடி. ஆக, ஒரு ஆளுக்குச் சுமார் நாலு அடி மதில். இருபது கோலுக்கு 80 ஹைட், ஒரு ஃபர்லாங்குக்கு (நாற்பது கோல்) 160 ஹைட் என்று ஏணிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போகும். நம்ம ஊர்ப் பொறியாளர் மேஜையில் வைக்கும் ரெடி ரெக்கனர்தான், பத்தாம் நூற்றாண்டில்.

இந்த வாய்ப்பாடு நம் கைக்கு வந்ததே பெரிய அதிர்ஷ்டம். இது இருந்த மூலச்சுவடி 1731-இல் லண்டன் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகைத் தீயில் சிக்கிக் கருகிவிட்டது. அதற்கு முன்பே, 1562-இல், லாரன்ஸ் நோவெல் என்ற அறிஞர் அதைப் பார்த்து எழுதி வைத்திருந்தார். பட்டியலின் மற்ற படிகளில் வாய்ப்பாடு கிடையாது. நோவெல் சோம்பல்பட்டிருந்தால் நமக்கு வெறும் ஊர்ப்பெயரும் எண்ணும்தான் மிஞ்சியிருக்கும்.

இப்போது உங்கள் சந்தேகம். வின்செஸ்டருக்கு 2400 ஹைட். 2400 ஆள், 600 கோல், 9900 அடி. ரோமானிய மதிலின் சுற்றளவு ஏறக்குறைய 9950 அடி. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. டார்செட்டில் உள்ள வேர்ஹாமுக்கு 1600 ஹைட், அதாவது 6600 அடி. அங்கே ரோமானிய மதில் கிடையாது, சாக்சன்கள் போட்ட மண்கரை மட்டும். ஊரின் மூன்று பக்கம் கரை, நாலாவது பக்கம் ஆறு. கரையின் நீளம் சுமார் 6540 அடி. இந்த இரண்டு ஊரையும் வைத்துப் பார்த்தால் யாரோ கோல் பிடித்து அளந்துதான் எண்ணை எழுதியிருக்கிறார்கள் என்று நம்பாமல் இருக்க முடியாது.

எக்ஸிட்டருக்கு வாருங்கள். அதற்கு 734 ஹைட்தான். கணக்குப்படி சுமார் 3030 அடி மதில். ஆனால் எக்ஸிட்டரின் ரோமானிய மதில் சுமார் 2.3 கிலோமீட்டர், அதாவது 7500 அடிக்கு மேல். பாதிக்கும் குறைவு! சிசெஸ்டரிலும் 1500 ஹைட்டுக்கு வரும் நீளத்தைவிட மதில் கணிசமாக அதிகம். இதற்குப் பலர் பல சமாதானம் சொல்கிறார்கள். படியெடுத்தவர் எண்ணைத் தவறவிட்டார், மதிலின் ஒரு பகுதியை மட்டும் காத்தார்கள், எக்ஸிட்டர் இருக்கும் டெவன் மாவட்டத்துக்கு ஹைட் எண்ணிக்கையே குறைவாகத்தான் விதித்திருந்தது என்று. மூன்றாவதை நான் ஓரளவு ஒப்புக்கொள்வேன். டெவனின் நாலு அரண்களுக்கும் சேர்த்தே 1534 ஹைட்தான். வின்செஸ்டர் ஒன்றுக்கு 2400. இருக்கிற ஆளை வைத்துத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது.

அதனால் வின்செஸ்டர் பொருத்தத்தை உண்மை என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை மட்டும் காட்டிவிட்டு எக்ஸிட்டரை அடிக்குறிப்பில் தள்ளும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. சில இடங்களில் மதிலை அளந்து ஆளை ஒதுக்கினார்கள். சில இடங்களில் ஆளை எண்ணிவிட்டு மதிலைக் கடவுளிடம் விட்டார்கள். எந்த அரசாங்கத்திலும் இரண்டும் நடக்கும். உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

பட்டியல் முழுவதையும் கூட்டினால் சுமார் 27,000 ஆள் வருகிறது. எல்லாரும் எப்போதும் மதில்மேல் நிற்கவில்லை, தேவைப்படும்போது வர வேண்டிய கடமை இது. கடமையைச் சிலர் எப்படிச் செய்தார்கள் என்பதும் தெரியும். 892-இல் கென்ட் கடற்கரைக்கு வந்த டேனியர்கள் ஒரு அரணைப் பிடித்தார்கள். அது பாதி கட்டிய நிலையில், உள்ளே சில குடியானவர்கள் மட்டும் இருந்தார்கள் என்று ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அரசர் கட்டச் சொன்ன அரண்களைக் கட்டாமல் இழுத்தடித்து, எதிரி வந்த பிறகு அழுதவர்களைப் பற்றி ஆஸரும் புலம்புகிறார். ஆல்ஃப்ரெட்டின் பேரன் அதெல்ஸ்டன் காலத்தில் சட்டமே வந்தது. கோடையின் தொடக்கத்தில் வரும் கிறிஸ்தவ மன்றாட்டு நாட்கள் முடிந்து பதினைந்து நாளுக்குள் எல்லா அரண்களும் பழுதுபார்த்து முடிந்திருக்க வேண்டும்.

மண்ணுக்குள் இதற்கெல்லாம் என்ன தடயம் என்று கேட்பீர்கள். வின்செஸ்டரில் 1961 முதல் 1971 வரை பிடில் நடத்திய அகழாய்வுதான் இதில் திருப்புமுனை. அதுவரை வின்செஸ்டரின் கட்டம் கட்டமான தெருக்களை ரோமானியத் தெருக்களின் மிச்சம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். தோண்டிப் பார்த்தால் ரோமானியத் தெருக்கள் வேறு இடத்தில், வேறு வரிசையில் கிடந்தன. இன்றைய தெருக்கள் சாக்சன்கள் போட்டவை. ஹை ஸ்ட்ரீட் மட்டும் பழைய பாதையைச் சுமாராகத் தொடர்கிறது. மதிலின் வாசல்கள் பழைய இடத்தில் இருந்ததால் வாசலுக்கு வாசல் போகும் வழியும் தங்கிவிட்டது, அவ்வளவுதான். சிக்கிமுக்கிக் கல்லைப் பரப்பி ஒரே திட்டமாகப் போட்ட சாலைகள் இவை. மொத்த நீளம் எட்டு கிலோமீட்டருக்கும் மேல், கல் மட்டும் ஏறக்குறைய 8000 டன் என்பது பிடில் தரப்புக் கணக்கு. கொட்டேஷன் போட்டுப் பாருங்கள்.

அந்தத் தெருக்களில் நான் முக்கியமாகக் கருதுவது மதிலின் உட்புறத்தை ஒட்டியே சுற்றிவரும் ஒரு தெரு. கடைக்கோ கோயிலுக்கோ போக அது தேவையில்லை. மேற்கே ஆபத்து என்றால் கிழக்கே நிற்கும் ஆளை ஓடவைக்க அது தேவை. ரோமானிய மதில் எப்போது சாக்சன் அரணாக மாறியது என்று கேட்டால் நான் இந்தத் தெருவைத்தான் காட்டுவேன். இதே அமைப்பு வாலிங்ஃபோர்டிலும் கிரிக்லேடிலும் உண்டு. அங்கெல்லாம் ரோமானிய மதிலே கிடையாது, மண்கரைதான். ஆக, தெருத்திட்டத்தை ரோமானியரிடமிருந்து வாங்கியிருக்க முடியாது.

எல்லாவற்றையும் ஆல்ஃப்ரெட் தலையில் கட்டுவதும் வேண்டாம். அரண் பழுதுபார்க்கும் கடமையை மெர்சியாவில் 749-ஆம் ஆண்டுச் சாசனமே பேசுகிறது. ஹெரஃபோர்டில் ஆல்ஃப்ரெட்டுக்கு முந்தைய மண்கரை கிடைத்திருக்கிறது. வின்செஸ்டர் தெருக்களின் தொடக்கத்தையே அவருடைய அப்பா, அண்ணன்மார் காலத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற வாதமும் உண்டு. பின்னால் வந்தவர்கள் செய்ததும் குறைவில்லை. அவருடைய மகள் எதெல்ஃப்ளெட் காலத்தில், 907-இல், செஸ்டரைப் புதுப்பித்தார்கள். 917-இல் எட்வர்டு கோல்செஸ்டரில் உடைந்த இடங்களைச் செப்பனிட்டார். அதே வருடம் டௌஸ்டருக்குக் கல்மதில் போட்டதாகவும் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அங்கே ஏற்கெனவே ரோமானிய மதில் இருந்தது. ‘போட்டது’ என்பது அதைத் தூக்கி நிறுத்தியதாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ரோமானிய மதில் இருந்தால் போதும் என்றும் அவர்கள் நினைக்கவில்லை. சில்செஸ்டரின் மதில் இன்றைக்கும் கிட்டத்தட்ட முழுச் சுற்றும் நிற்கிறது. அதை ஆல்ஃப்ரெட்டும் தொடவில்லை, எட்வர்டும் தொடவில்லை. இன்று உள்ளே வயல்தான். பெரிய ஆறு பக்கத்தில் இல்லை. டேனியப் படகைத் தடுக்க ஆற்றங்கரையில் காவல் வேண்டும் என்றபோது, தேம்ஸ் கரையில் வாலிங்ஃபோர்டில் புதிதாக மண்ணைக் கொட்டினார்களே தவிர, சில்செஸ்டருக்குப் போகவில்லை. வாலிங்ஃபோர்டுக்கு ஒதுக்கியது வின்செஸ்டர் அளவுக்கே, 2400 ஹைட்.

சாக்சன் கட்டுவேலையைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்றால், அடுத்த முறை மகளிடம் சொல்லி ஒரு நாள் போர்ட்ஸ்மத் பக்கம் போர்ட்செஸ்டருக்குப் போங்கள். ரோமானியக் கடற்கரைக் கோட்டை, நாலு பக்க மதிலும் இன்னும் நிற்கிறது. 904-இல் எட்வர்டு வின்செஸ்டர் ஆயரிடம் வேறு நிலம் கொடுத்து மாற்றி வாங்கினார். பட்டியலில் 500 ஹைட். கடல் பக்கத்து வாசலில் சாக்சன் வேலை இருக்கிறது. யார்க்கில் ரோமானியச் சுவரின் இடைவெளி ஒன்றை அடைத்து நிற்கும் சின்னக் கல்கோபுரத்தையும் பாருங்கள். 1839-இல் கண்ணில் பட்டு, 1970-இல் மறுபடி தோண்டி வெளியே வந்தது. சாக்சன்களின் உறவினரான ஆங்கிள்களின் பெயரால் ‘ஆங்கிலியன் கோபுரம்’ என்று பெயர் வாங்கியிருக்கிறது. ரோமானிய ஆட்சியின் கடைசிக் காலமாகவும் இருக்கலாம் என்பவர்கள் உண்டு. நீங்கள் சாந்தைப் பார்த்துவிட்டு உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்